சிக்னலில் நின்றால் கார் நடுங்குகிறதா? கரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. பைபாஸில் எண்பதில் போனால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கோரிப்பாளையம் சிக்னலில் வந்து நின்று, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்ததும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், டாஷ்போர்டில் ஒரு கடகடப்பு, ஆர்பிஎம் முள் இறங்கி ஏறி மறுபடி இறங்கும், அந்த நேரம் பார்த்து ஏசி கம்ப்ரசர் டக்கென்று பிடித்தால் வண்டி செத்தே போகும்போல இருக்கும், சில நாள் செத்தும் போகும், பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே திட்டுவார். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொல்லை இப்படித்தான் ஆரம்பித்தது.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் எஸ்டிமேட் வந்தது: இன்ஜின் டீகார்பனைசிங் பேக்கேஜ், நான்கு பிளக், இன்ஜின் மவுண்ட், ஃபியூயல் சிஸ்டம் கிளீனிங். கூட்டுத்தொகை ஐந்து இலக்கத்தில். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, தெருமுனையில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கார்த்திகைக்கு விளக்கேற்றி முடித்த திரியைத் தொட்ட மாதிரி விரல் நுனி முழுக்கக் கறுப்பு.

"ஒண்ணுமில்ல சார், மூக்கடைப்பு."

"அவ்வளவுதானாண்ணே? அங்க இன்ஜினையே பிரிக்கிற மாதிரி சொன்னாங்க."

"மூக்கு அடைச்சா யாராவது வயித்தைக் கிழிப்பாங்களா?"

ஒரு கேன் ஸ்ப்ரே, ஒரு பழைய பனியன் துணி, முக்கால் மணி நேரம். அத்தோடு சரியானது. ஆனால் எல்லாக் காருக்கும் இப்படி முக்கால் மணி நேரத்தில் முடியாது. கரி என்பது ஒரே வியாதி இல்லை, அது எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும், வைத்தியமும் மாறும். இதைப் புரிந்துகொள்ளாமல் டீகார்பன் என்ற ஒரே சொல்லுக்குப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

ஐடிலிங் என்றால் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றாமல், தன்னைத்தானே உயிரோடு வைத்துக்கொள்ள மட்டும் ஓடுவது. சூடேறிய பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய 650 முதல் 850 ஆர்பிஎம்மில் நிற்கும். 750 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், ஆக நொடிக்கு மொத்தம் 25 வெடிப்பு. ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு ஆறு. அதில் ஒரே ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் விட்டால் நொடிக்கு ஆறு தடவை இன்ஜின் தடுக்கி விழுகிறது என்று அர்த்தம், அதைத்தான் நம் முதுகு சீட்டில் உணர்கிறது. மூவாயிரம் ஆர்பிஎம்மில் இதே சிலிண்டர் அவ்வப்போது ஒரு வெடிப்பை விட்டாலும் சுற்றுகிற ஃப்ளைவீலின் வேகம் அதை மூடி மறைத்துவிடும்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயம் வைப்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும். வேகமாகப் போகிறவனுக்குக் கல்லும் தெரியாது குழியும் தெரியாது. மெதுவாக உருட்டுகிறவனுக்கு ஒரு வேப்பங்கொட்டை சக்கரத்தில் பட்டாலும் கால் தரையில் ஊன்றிவிடும். ஐடிலிங் என்பது இன்ஜினுக்கு அந்தப் பந்தயம்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதுதான் முக்கியம். சின்ன பெட்ரோல் இன்ஜின் சும்மா நிற்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் காற்றுதான் உள்ளே இழுக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது அதைப்போல முப்பது மடங்கு போகும். முப்பது மடங்கு போகிற வழியில் ஒரு மெல்லிய கரிப்படலம் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நிற்கும்போது காற்று போகிற வழி, இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகட்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் நகக்கண் அழுக்கு அளவு கரி சேர்ந்தால் போதும், பாதி வழி அடைபட்டுவிடும். காலை லேசாக ஆக்சிலரேட்டரில் வைத்து 1,500க்குக் கொண்டுபோனதும் நடுக்கம் மாயமாக மறைந்துவிடுவது இதனால்தான், தகடு திறந்துகொள்கிறது, கரி பொருட்டில்லாமல் போகிறது.

கரி எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் சரியாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடையில்) வேண்டும். காற்று குறைந்தாலோ, பெட்ரோல் பொடித்துளியாகப் பரவாமல் சொட்டாக விழுந்தாலோ, இன்ஜின் குளிர்ந்திருந்தாலோ முழுசாக எரியாமல் மிச்சம் நிற்கும். விறகடுப்பில் பச்சை விறகை வைத்தால் பாத்திரம் கரிப்பிடிக்கும், காய்ந்த விறகில் அவ்வளவு பிடிக்காது. அதே கதைதான். பழைய பஜாஜ் சேத்தக் வைத்திருந்தவர்களுக்கு இது பாடமே எடுக்க வேண்டாம்: டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும், சைலன்சர் அடைந்து வண்டி இழுக்காமல் போகும், மெக்கானிக் சைலன்சரைக் கழற்றித் தெருவோரம் நெருப்பில் போட்டுச் சுட்டுத் தட்டினால் கரி பாளம் பாளமாக உதிரும்.

ஆனால் த்ராட்டில் பாடியில் படிகிற கரி சிலிண்டருக்குள் எரிந்த கரி இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்குக் கசியும். அதை வெளியே விட்டால் மாசு, அதனால் ஒரு குழாய் வழியாகத் திரும்பவும் இன்ஜினே அதை உறிஞ்சிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பிசிவி என்கிறார்களே, அதுதான். அந்த வாயுவோடு ஆயில் ஆவியும் வரும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்தூசி இந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, இன்ஜின் சூட்டில் காய்ந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பிடிக்கிற மாதிரிக் கறுப்புப் பிசின் ஆகிறது. கேஸ் அடுப்பு எவ்வளவு நீலமாக எரிந்தாலும் ஃபேனில் பிசுக்குப் பிடிக்கத்தானே செய்கிறது? சிஎன்ஜி, எல்பிஜி ஓட்டுகிறவர்கள் "கேஸ் வண்டிக்குக் கார்பனே வராது" என்பார்கள். சிலிண்டருக்குள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். த்ராட்டில் அழுக்காவதற்கும் எரிபொருளுக்கும் சம்பந்தம் குறைவு.

டீசல் கதை வேறு. அதில் இஜிஆர் வால்வு என்று ஒன்று, புகையின் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும். புகைக்கரியும் பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவியும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் சந்தித்தால் தார் மாதிரி ஒரு குழம்பு. இஜிஆர் வால்வு முழுசாக மூட முடியாமல் கரியில் சிக்கி நின்றுவிட்டால் ஐடிலிங்கிலும் புகை உள்ளே போய்க்கொண்டே இருக்கும், காற்றுக்குப் பதில் புகையைச் சுவாசிக்கிற இன்ஜின் எப்படி அமைதியாக நிற்கும்? வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை. சிலர் தகடு வைத்து அதை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். புகை அளவு கெடும், புதிய வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

பெட்ரோலுக்குத் திரும்புவோம். த்ராட்டிலுக்கு அடுத்துக் கரி படிகிற இடம், காற்றைச் சிலிண்டருக்குள் விடும் இன்டேக் வால்வின் முதுகு, அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வாய், அப்புறம் பிளக் முனை, கடைசியாகப் பிஸ்டன் தலை. வால்வின் முதுகில் கரி தடித்தால் அது ஸ்பாஞ்சு மாதிரி பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும், காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுத்ததும் சிலிண்டருக்குப் போக வேண்டிய பெட்ரோல் போகாமல் முதல் ஒரு நிமிஷம் தடுமாறும், சூடேறினால் சரியாகும். இன்ஜெக்டர் அடைப்பை மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிப்பிள் துளையில் கரி உட்கார்ந்தால் நீலச் சுடர் போய் மஞ்சளாகச் சாய்ந்து எரியும், அம்மா ஸ்டவ் பின்னை எடுத்து ஒரு குத்துக் குத்தினால் புஸ்ஸென்று நேராகும். இன்ஜெக்டரை மட்டும் பின்னால் குத்தக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கரிதானா என்று எப்படி உறுதி செய்வது

நடுங்குகிற எல்லா வண்டிக்கும் கரி காரணமில்லை. முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் உடம்பு அதிர்கிறது என்றால் இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதைத் தாங்குகிற மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். மூன்று சிலிண்டர் காராக இருந்தால் கொஞ்சம் அதிர்வு பிறவிக் குணம், புதிதாக வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். முள் ஏறி இறங்குகிறது, அல்லது கிளட்சை மிதித்து நிறுத்தப்போகும் நேரத்தில் சட்டென்று 500க்குக் கீழே விழுகிறது என்றால் காற்று வழியைச் சந்தேகப்படலாம்.

நிற்கும்போது மட்டுமல்ல, மேடு ஏறும்போதும் வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது என்றால் அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விடுகிறது. பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் போங்கள். அந்த விளக்கு மினுக்கும்போது அப்படியே நூறு கிலோமீட்டர் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதையே உருக்கிவிடும், அதன் விலையோடு ஒப்பிட்டால் காயில் சில்லறைக் காசு.

கடந்த பத்து வருஷத்துக்குள் வந்த கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி சாக்கெட் ஒன்று இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை அதில் செருகி, போனில் ஆப் வைத்துப் பார்க்கலாம். பி0300 என்ற கோளாறு எண் வந்தால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிட முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0302 வருகிறதா, இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். எண் பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) என்று அந்தச் சிலிண்டரிலேயே தேட வேண்டும். பி0506 என்றால் ஐடிலிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, த்ராட்டில் கரியில் அடிக்கடி பார்க்கிற எண் இது. பி0507 அதற்கு நேர் எதிர், இருக்க வேண்டியதைவிட அதிகம்.

வேக்குவம் குழாய் விரிசலும் இதே மாதிரி நடிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் குழாய்கள் ஏழெட்டு வருஷத்தில் வெடித்துவிடும். பானெட்டைத் திறந்து காதை வைத்தால் ஸ்ஸ்ஸ் என்று பாம்புச் சீற்றம் கேட்கலாம். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள் (இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு): நிற்கும்போது பிளஸ் 20 பக்கம் இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட்டால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. இப்படி இருக்கும்போது எவ்வளவு கரி சுரண்டினாலும் பலனில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது, அது இன்ஜினின் நாக்கு மாதிரி. வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். காய்ந்த கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, அல்லது குட்டி குட்டி ஓட்டம். ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் ஆயில் உள்ளே போகிறது, ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் கரியைத் துடைப்பது ஒழுகுகிற கூரைக்கு அடியில் தரையைத் துடைக்கிற வேலை.

த்ராட்டில் பாடியைத் துடைப்பது

கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கேபிளில் இயங்கும் பழைய வகை என்றால் தாராளமாக, எலக்ட்ரானிக் வகை என்றால் கொஞ்சம் பயபக்தியோடு. கடையில் த்ராட்டில் பாடி கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் தருவார்கள், சில நூறு ரூபாய்தான். கார்புரேட்டர் கிளீனர் கொஞ்சம் முரட்டுத்தனமானது, சில த்ராட்டில்களில் சுவரிலும் தகட்டு ஓரத்திலும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், அதை அரித்துவிடலாம். பெட்ரோல், உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம்.

இன்ஜின் ஆறட்டும். திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, இந்த ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி உருவுங்கள். குழாயில் காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் அதன் மேல் ஒரு துளி ஸ்ப்ரே படக் கூடாது, அதற்குள் இருக்கும் கம்பி மயிரிழை மாதிரி மெல்லியது.

டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கத் தகடு ஓரளவு பளபளவென்றுதான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு "சுத்தமாத்தானே இருக்கு" என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. அழுக்கு பின்பக்க ஓரத்தில். தகடு மூடி நிற்கும் இடத்தில் சுவரைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், அதிலும் பிசிவி குழாய் வந்து சேரும் பக்கம் பிறை மாதிரி தடித்து, விரல் வைத்தால் ஷூ பாலிஷ் போல ஒட்டும். தகட்டைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். கேபிள் வகையில் கையால் சுற்றலாம். எலக்ட்ரானிக் வகையில் விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே சின்னப் பல்சக்கரங்களும் மோட்டாரும் இருக்கின்றன. இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்து, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லலாம். அவர் காலை எடுத்தால் தகடு கத்தரி மாதிரி படக்கென்று மூடும், அதனால் உள்ளே விரல் போகக் கூடாது, குச்சியில் துணி சுற்றி அல்லது பழைய டூத் பிரஷால் செய்யுங்கள். சில கார்களில் இன்ஜின் ஓடாதபோது தகடு பாதிதான் திறக்கும். அப்படியானால் மெக்கானிக்கிடம் கொடுத்து முழு யூனிட்டையும் கழற்றித் துடைக்கச் சொல்வதே மரியாதை.

ஸ்ப்ரேயை நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் அடித்துத் துடையுங்கள். மூன்று நான்கு துணி கறுப்பாகும். வெள்ளைத் துணி வெள்ளையாக வெளியே வந்தால் முடிந்தது. அப்படியே பக்கத்தில் பிசிவி வால்வு கைக்கு எட்டினால் கழற்றி ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கடகட என்று சத்தம் வர வேண்டும். ஊமையாக இருந்தால் அதுவும் பிசுக்கில் சிக்கியிருக்கிறது. பழைய கார்களில் ஐடிலிங்குக்கென்றே தனியாக ஒரு சின்னக் காற்றுப்பாதையும் அதைத் திறந்து மூடும் ஐஏசி வால்வும் இருக்கும், அதன் கூம்பு முனையையும் அது உட்காரும் துளையையும் மறக்காமல் துடைக்க வேண்டும். பாதி பேர் தகட்டை மினுக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு மாட்டுங்கள். கிளாம்பு சரியாக இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலானோர் பயந்துபோவது இங்கேதான். நானும் பயந்தேன். முதல் இரண்டு தடவை பிடிக்காது, பிடித்ததும் கொஞ்சம் புகை, அப்புறம் ஐடிலிங் 1,400க்கு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. "கெடுத்துட்டீங்களாண்ணே?" என்றே அன்றைக்கு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டேன். தாழ்ந்த நிலைவாசல் வீட்டில் பத்து வருஷம் குனிந்து நுழைந்து பழகியவர் புது வீட்டிலும் கொஞ்ச நாள் குனிந்துதான் நுழைவார். இன்ஜினின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். கரி சேரச் சேர அது தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து சமாளித்திருக்கிறது, இப்போது கரி போனது அதற்குத் தெரியாது, பழைய அளவுக்கே திறக்கிறது. ஸ்கேனர் போட்டு த்ராட்டில் ரீலேர்ன் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகும். சில கார்களில் ஏசி, விளக்கு எல்லாம் அணைத்துவிட்டுச் சூடான இன்ஜினைச் சும்மா ஓடவிட்டாலே தானாகக் கற்றுக்கொள்ளும். எந்தக் காருக்கு எப்படி என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே கையில் கேனை எடுப்பதற்கு முன்னால் உங்கள் காருக்கான முறையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

டேங்கில் ஊற்றும் மருந்து, ஹைட்ரஜன், வால்நட்

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யாது. செய்யவே முடியாது. த்ராட்டில் வழியாகப் போவது காற்று, பெட்ரோல் அதற்கு அப்பால்தான் வந்து சேர்கிறது. இவ்வளவு எளிய விஷயத்தை யோசிக்காமல் மூன்று பாட்டில் ஊற்றிவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று மருந்தைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான். மருந்து போகிற இடம் இன்ஜெக்டர், வால்வின் முதுகு, சிலிண்டர். அங்கே கரி இருந்தால், பாலிஈதர்அமீன் என்ற சரக்கு உள்ள கிளீனர் நிஜமாகவே வேலை செய்யும். லேபிளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன அளவு ஊற்றி, டேங்கை நிரப்பி, ஓட்டித் தீருங்கள். ஆயில் மாற்றப்போகும் சமயத்துக்குச் சற்று முன்னால் போட்டால் இன்னும் நல்லது, கரைந்து ஆயிலில் கலந்த கொஞ்சநஞ்சமும் ஆயிலோடு போய்விடும்.

வால்வின் முதுகு என்று சொன்னேனே, அதில் ஒரு நிபந்தனை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பெட்ரோல் வால்வுக்கு வெளியே பீய்ச்சப்படும், போகிற போக்கில் வால்வைக் கழுவிவிட்டே போகும். நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்கள், ஜிடிஐ என்றும் டிஎஸ்ஐ என்றும் பெயர் போட்டு வருகிறவை, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே அடிக்கும். வால்வுக்கு மேல் ஒரு சொட்டும் படாது, ஆயில் ஆவி மட்டும் வந்து படிந்துகொண்டே இருக்கும். அதற்கு டேங்க் மருந்து பயனில்லை. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் வால்வின் மேல் அடித்து உதிர்ப்பதுதான் உருப்படியான வழி. வால்நட் ஓடு ஏன் என்றால், கரியைப் பெயர்க்கிற அளவுக்குக் கடினம், வால்வின் உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. வேலை நடக்கும் சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும், பொடி உள்ளே விழக் கூடாது, அதனால் பழகியவர் கையில் மட்டும் கொடுங்கள். இந்தத் தொல்லைக்கும் சேர்த்துத்தான் டொயோட்டா டி4எஸ் மாதிரி சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரும் சேர்த்து வைக்கிறார்கள், ஒன்று உள்ளே அடிக்க, ஒன்று வெளியே.

ஹைட்ரஜன் வாயு விட்டுக் கரியை எரிக்கிறோம் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அரை மணி நேரம் குழாய் மாட்டி வைப்பார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், த்ராட்டிலில் பிசுக்கோ வால்வில் கெட்டிக் கரியோ இருந்தால் அந்தப் பணத்தில் பிளக் மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். செய்தே தீருவேன் என்றால் செய்வதற்கு முன்னும் பின்னும் வால்வை எண்டோஸ்கோப் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

செலவில்லாத ஒரு வைத்தியமும் இருக்கிறது. பிளக் முனை ஏறக்குறைய 450, 500 டிகிரிக்கு மேல் போனால்தான் தன் மேல் ஒட்டிய கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து காய்கறி மார்க்கெட், இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓடுகிற கார் அந்தச் சூட்டைத் தொடுவதே அபூர்வம். வாரத்துக்கு ஒருமுறை நான்கு வழிச் சாலையில் அரை மணி நேரம், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஒரு கியர் குறைத்து 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஓட்டினால் பிளக்கும் சிலிண்டரும் ஓரளவு சுத்தமாகும். த்ராட்டிலுக்கு இதனால் நன்மை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனையும் செய்து ஒரே சிலிண்டர் விடாமல் தகராறு செய்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கில் மூன்று ஒரே மாதிரி எண் காட்டி ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வு எரிந்திருக்கலாம் அல்லது ரிங் போயிருக்கலாம், அது ஹெட்டைக் கழற்றுகிற சமாச்சாரம்.

நான் இப்போது ஏர் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அந்தக் குழாயையும் உருவி டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன். போன மாதம் பார்த்தபோது கண்ணுக்கு மை தீட்டின மாதிரி ஒரு கோடுதான் இருந்தது, துணியில் ஒரு இழுப்பில் போய்விட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் தன் காரும் சிக்னலில் உதறுகிறது, கேனில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்த்தேன். ஆர்பிஎம் முள் ஆணி அடித்தாற்போல் நின்றது, ரியர் வியூ கண்ணாடி மட்டும் உதறிக்கொண்டிருந்தது. கேனைக் கொடுக்கவில்லை. மெக்கானிக் அண்ணன் வந்து கீழே குனிந்து பார்த்தபோது, மவுண்ட் ரப்பர் நடுவில் இரண்டாகப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.